அவள் வாங்கிய தோட்டா பிரஸ்

பொருள் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். நியூஜெர்சியில், எடிசனில் இருந்த நாட்களில் தமிழ் நண்பர்களில் பாதிப் பேர் கார் வாங்கப் போகும் முன் எனக்குத்தான் போன் செய்வார்கள். டெக்சாஸுக்கு வந்த பிறகும் அந்தப் பெருமை குறையவில்லை. டிவி, டிஷ்வாஷர், புல் வெட்டும் மெஷின், மெத்தை என்று எது வாங்கினாலும் எக்ஸெல் ஷீட் ஒன்று தயாராகும். ஆகவே ஒரு சனிக்கிழமை காலை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே என் மனைவி, "என்னங்க, வீட்லயே தோட்டா ரீலோட் பண்ண ஒரு பிரஸ் வாங்கலாம்னு இருக்கேன், ரொம்ப விலை இல்லாம" என்றபோது, ஏன் எதற்கு என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் ரைஃபிள் சுட்டவள். சும்மா சுட்டவள் இல்லை. டெல்லியில் நடந்த போட்டிக்கு அவள் பெயர் வந்திருந்தது. அவள் அப்பா அனுப்பவில்லை. அதே வாரத்தில் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அந்த மாப்பிள்ளை நான்தான். சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பெண் கொஞ்சம் கோபக்காரி போலத் தெரிகிறது என்று வரும் வழியில் அம்மாவிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. காரணம் எனக்குத் தெரியவந்தது கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து.

மகள் கல்லூரிக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆனதும், ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில், அவள் ஊருக்கு வெளியே ஒரு சின்ன ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தாள். தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு தூரத்தில் இருக்கும் காகிதத்தைச் சுடுகிற விளையாட்டு. மாநிலப் போட்டிக்கு அந்த கிளப் ஆறு பேரை அனுப்பும். அதற்கு அக்டோபரில் ஒரு தேர்வுப் போட்டி. அந்த ஆறில் ஒரு இடம் வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வாயைத் திறந்து எதையும் கேட்காதவள், என்னிடம் நேராகவே சொன்னாள்: "இந்த தடவை எனக்கு அந்த இடம் வேணுங்க."

இடம் வேண்டுமானால் வாரா வாரம் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். அதுவோ கொரோனா காலம். டாய்லெட் பேப்பருக்கு அடுத்தபடியாக அமெரிக்காவில் காணாமல் போனது தோட்டாதான். கடைகளில் அலமாரி துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். கிடைத்தாலும் ஆளுக்கு ஒரு டப்பா என்பார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். சுட்டு முடித்ததும் கீழே விழுகிற பித்தளைக் கூட்டை எடுத்து, சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் புதிய பிரைமரும், வெடிமருந்துப் பவுடரும், முனையில் குண்டும் வைத்து மறுபடி தோட்டா ஆக்கிக்கொள்கிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். கூட்டை நெருக்கி அளவுக்குக் கொண்டுவருவதும், கடைசியில் குண்டை அதன் வாயில் அழுத்தி உட்கார வைப்பதும் ஒரு கைப்பிடி மெஷின். அதற்குத்தான் பிரஸ் என்று பெயர்.

எங்கள் தமிழ் வட்டத்தில் விஷயம் பரவ இரண்டு நாள் ஆனது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் அடுத்த பாட்லக் விருந்தில் புளியோதரை எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆன்ட்டி, "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் வெஜிடேரியன்தானே?" என்று கவலையாக விசாரித்தார். "பேப்பரைத்தான் ஆன்ட்டி சுடுறேன்" என்றாள் இவள். பேப்பரைச் சுடுவதற்கா இத்தனை பாடு என்று அந்த ஆன்ட்டியின் முகத்தில் எழுதியிருந்தது.

நான் இரண்டு வாரம் ஆராய்ச்சியில் இறங்கினேன். பிரஸ்ஸில் மூன்று ஜாதி. முதலாவது, கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு காரியம் மட்டும் செய்வது. ஐம்பது கூடு இருந்தால் ஐம்பதுக்கும் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலையை ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது, மேலே சுழலும் தலையில் நாலு வேலைக்கான அச்சுகளும் மாட்டியிருப்பது. மூன்றாவது, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா தயாராகி டப்பாவில் வந்து விழுவது. பவுடரைக்கூட அதுவே அளந்து ஊற்றிவிடும். கம்பெனிக்கு ஒரு நிறம். இணையத்தில் போய்ப் பார்த்தால் சிவப்பு மெஷின்காரர்கள், பச்சை மெஷின்காரர்கள், நீல மெஷின்காரர்கள் என்று கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். நம்மூர்க்காரனுக்கு இது பழக்கமான விஷயம்தானே, நானும் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டேன். மூன்றாவது ஜாதியில், தள்ளுபடியில் வந்த ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்துக் கார்ட்டில் போட்டு வைத்தேன்.

"மணிக்கு நானூறு தோட்டாம்மா!" என்றேன். கூடவே ஷீட்டையும் காட்டினேன். வேகம், உத்தரவாதம், பயனாளர் மதிப்பெண் எல்லாமே பச்சைக் கட்டம்.

அவள் ஷீட்டை மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் படித்தாள். "மணிக்கு நானூறு எதுக்குங்க? நான் சுடறதே வாரத்துக்கு நூறு."

"விலையைப் பாரு. நாப்பது பர்சன்ட் ஆஃப்."

"இது பாதி விலைக்கு வந்தாலும் அந்த ஒண்ணாவது டைப்பை விட மூணு மடங்குங்க. அதை விடுங்க. பவுடர் உள்ள போனதை நான் எங்க பார்க்கிறது?"

பார்க்க வேண்டியதே இல்லை, அதற்கு ஒரு சென்சார் தனியாகக் கிடைக்கிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திவிட்டேன். சரி, மகள் எனக்குத்தான் ஓட்டுப் போடுவாள் என்று அவளுக்கு போன் செய்தேன். தமிழில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில், "அப்பா, இட்ஸ் ஹர் ஹாபி. லெட் ஹர் பிக்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் பெரிய ஹால் ஒன்றில் துப்பாக்கிச் சந்தை நடந்தது. வரிசை வரிசையாக மேஜைகள், தொப்பிகள், மாட்டிறைச்சி வற்றல் விற்கும் கடை. கூட்டத்தில் குர்த்தி போட்டிருந்த ஒரே ஆள் இவள். நேராக பழைய சாமான் மேஜைக்குப் போனாள். அங்கே பெயின்ட் உரிந்த, இரும்பு வார்ப்பில் செய்த ஒற்றை வேலை பிரஸ்கள் நாலு இருந்தன. நாலையும் மேஜையோடு இறுக்கி மாட்டித் தரச் சொன்னாள். விற்பவர் மாட்டினார். பையிலிருந்து ஒரு டார்ச், ஒரு காகிதத் துண்டு, வீட்டிலிருந்தே கொண்டுவந்த ஒரு பித்தளைக் கூடு எல்லாம் வெளியே வந்தன.

கைப்பிடியை இழுத்து, நடுவில் நிறுத்தி, மேலே ஏறி வரும் தண்டைக் கட்டைவிரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள். ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாளாம். முதல் இரண்டையும் ஒதுக்கினாள். மூன்றாவதில் கூட்டை வைத்து மெதுவாக ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். மூட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தாள். வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று காகிதத்தால் எண்ணெயைத் துடைத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு நகை எடுக்கும்போதுகூட இவள் இத்தனை நேரம் நின்றதில்லை. விற்பவர் என்னிடம் மெதுவாக, உன் மனைவி மெக்கானிக்கா என்று கேட்டார். பார்மசிஸ்ட் என்றேன். அப்படியா என்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

கடைசியில் மூன்றாவது மெஷினையே எடுத்தாள். கூடவே ஒரு பழைய தராசையும் கேட்டாள். பேட்டரி இல்லாத, கோல் ஆடி ஆடி நிற்கிற தராசு. அதில் பவுடர் அளக்க ஒரு சின்ன அலுமினியத் தட்டு. இரண்டும் சேர்த்து என் கார்ட்டில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு விலைகூட ஆகவில்லை. என் ஷீட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லாத மெஷின் அது. விரலால் தொட்டுப் பார்த்து ஒரு பொருளை வாங்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கராஜில் ஒரு மூலை அவளுக்கு ஒதுக்கப்பட்டது. நான் போய் நின்று வேடிக்கை பார்ப்பேன். ஐம்பது கூடுகளை மரப்பலகையின் குழிகளில் நிற்க வைப்பாள். ஆரம்பிக்கும் முன் வெறும் தட்டை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவாள். பிறகு எடை தெரிந்த ஒரு சின்ன எடைக்கல்லை வைத்துப் பார்ப்பாள். எல்லாம் முடிந்ததும் மறுபடி அதே கல். நடுவில் பேசக் கூடாது, ரேடியோ கூடாது, போன் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாக பவுடர் நிறுத்து ஊற்றுவாள். ஐம்பதும் ஆனதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் குண்டு. சாயங்காலம் எட்டு மணிக்கு மேல் பவுடரைத் தொடுவதில்லை. ஆஸ்பத்திரியில் அசதியோடு எடை போட்ட மருந்துகள் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். மணியைப் பார்த்துக்கொண்டு அவசரமாகவும் செய்ய மாட்டாள்.

நான் அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிறவன். தரம், சோதனை, செக்லிஸ்ட் என்று வாய் கிழியப் பேசுகிறவன். அந்தக் கராஜ் மூலையில் நடந்த வேலையில் பாதி ஒழுங்கு எங்கள் டீமில் இல்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புருஷனாகப்பட்டவனுக்கு இதிலெல்லாம் ஒரு கஞ்சத்தனம் இருக்கிறது.

செப்டம்பர் முடிவதற்குள் காகிதத்தில் அவள் போட்ட ஓட்டைகள் நெருங்கி நெருங்கி வந்து, ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டன. கிளப்பின் கேப்டன், வைக்கோல் தொப்பி போட்ட ரிட்டயர்ட் டீச்சர் அம்மா, அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதே மாதிரி சுட்டால் உனக்கு இடம் உண்டு என்று சொன்னார். அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் காரில் இவள் முணுமுணுவென்று பாடிக்கொண்டே வந்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. வெள்ளி விஜயதசமி. சனிக்கிழமை காலை தேர்வுப் போட்டி. போட்டிக்கு அறுபது தோட்டா வேண்டும். நாற்பது முன்பே செய்து, அவற்றோடு செய்த சிலவற்றைச் சுட்டுப் பார்த்துத் திருப்தியானதும் டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள். இன்னும் முப்பது செய்தால் போட்டிக்கு முன் குறியைச் சரிபார்க்கச் சுடுவதற்கும் சேர்த்துக் கணக்கு சரியாக இருக்கும். வியாழன் அவளுக்கு லீவு. அன்றைக்கே உட்கார்ந்துவிடுகிறேன் என்றாள்.

"இன்னிக்கு ஆயுதத்தைத் தொடலாமா? பூஜையில வச்சதை நாளைக்கு விஜயதசமி அன்னிக்கு எடுத்து ஆரம்பி. நல்லா வரும்" என்றேன். பூஜை விஷயத்தில் எங்கள் வீட்டில் நான்தான் மேலதிகாரி. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று விட்டுவிட்டாள்.

வருஷா வருஷம் கார் இரண்டு, லேப்டாப், மிக்ஸி, கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவன் நான். அந்த வருஷம் பிரஸ்ஸுக்கும் தராசுக்கும் ரைஃபிள் பெட்டிக்கும் சேர்த்து வைத்து, பிரஸ்ஸின் கைப்பிடியில் சாமந்திப் பூவும் சுற்றினேன். வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வரும்போது ஆறு மணி. உடை மாற்ற மாடிக்குப் போனாள். அவள் வேலையைத் தொடங்கும் முன் மறுநாள் செய்கிற புனர் பூஜை முடிந்துவிட வேண்டுமே என்று நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கராஜுக்கு ஓடினேன். முந்தின நாள் பொட்டெல்லாம் காய்ந்து கிடந்தது. புதிதாக வைத்தேன். அந்த அலுமினியத் தட்டைப் பார்த்தேன். நேற்று அதற்கு வைக்கவே மறந்துபோயிருந்தது. தட்டின் உள்ளே வைத்தால் பவுடரில் ஒட்டிக்கொள்ளும் இல்லையா? ரொம்பப் புத்திசாலியாக, தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தில் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

அவள் போனாள். வழக்கம்போல வெறும் தட்டை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். எடைக்கல் வைத்தாள். சரியாக இருந்தது. முப்பதையும் செய்து முடித்தாள். ஏழரை மணி இருக்கும். கடைசியில் மறுபடி எடைக்கல்லை வைத்திருக்கிறாள். தராசு வேறு கணக்கு சொன்னது.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்ற குரல் கேட்டது. சத்தமான குரல் இல்லை. நான் போனபோது விரிப்பின் மேல் கிடந்த ஒரு மஞ்சள் துணுக்கை விரல் நுனியில் ஒட்டி எடுத்து விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் திருப்பினாள். பொட்டு பாதி காய்ந்து, பாதி உதிர்ந்து போயிருந்தது.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். ஆரம்பத்தில் தட்டும் ஈரச் சந்தனமும் சேர்ந்ததுதான் பூஜ்யம். டெக்சாஸ் வெக்கையில், மேலே ஓடும் ஃபேனில், சந்தனம் காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஊற்ற ஊற்ற உதிர்ந்தும் இருக்கிறது. தட்டு எவ்வளவு லேசானதோ அந்த அளவுக்கு பவுடர் கூடுதலாக விழுந்திருக்கிறது. எந்தத் தோட்டாவில் எவ்வளவு கூடுதல் என்று யாராலும் சொல்ல முடியாது.

"ரொம்பக் கொஞ்சமாத்தானே இருக்கும்?" என்று இழுத்தேன். "ஒரு பொட்டு சந்தனம்..."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?" என்றாள். "கொஞ்சம்னு ஒரு டோஸ் கிடையாது. பவுடர் கூடினா உள்ள பிரஷர் கூடும். அந்த ரைஃபிளைக் கன்னத்தோட சேர்த்து வச்சுத்தான் நான் சுடணும். எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் படுத்திருப்பார்."

"திருப்பி வேற செஞ்சுடலாமே, இப்பவே" என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பதையும் பிரிப்பதற்கே எட்டைத் தாண்டிவிடும். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். கடையில் வாங்கலாம் என்றால் அந்த ரகம் நாலு மாதமாக எங்கேயும் இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாப்பது இருக்கு இல்ல. நாப்பதைச் சுடறேன்."

சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் உண்டு. அதற்குள் தோட்டாவை மாட்டித் தரையில் வைத்த கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டும் பவுடரும் பிரிந்து வரும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து அடி. கீழே உட்கார்ந்து முப்பதையும் அடித்தாள். நான் அடிக்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாம் முடித்துத் தட்டை வெந்நீரில் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, "இனிமே தராசுக்கு மட்டும் வேணாம். பிரஸ்ஸுக்கு வச்சுக்கோங்க, அது தாங்கும்" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு முறை பெண் பார்க்கப் போய்க் கெடுத்தேன். இந்த முறை பொட்டு வைத்துக் கெடுத்தேன்.

மறுநாள் காலை மைதானத்தில் புல்லெல்லாம் ஈரமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் நின்றிருந்தன. மூன்று சுற்று, சுற்றுக்கு இருபது. கேப்டன் அம்மாவிடம் போய், எனக்கு நாற்பதுதான் இருக்கிறது, மூன்றாவது சுற்றுக்கு இல்லை என்று சொன்னாள். காரணம் கேட்டபோது தராசு தப்பாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். யார் கையால் தப்பானது என்று சொல்லவில்லை.

அவளுக்கு மதிப்பெண் எழுத உட்கார்ந்தவர் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், நல்ல ஆஜானுபாகு. அவருடையதும் அதே ரக ரைஃபிள். தன் டப்பாவைத் திறந்து இருபது தோட்டாவை எண்ணி அவள் பக்கம் நீட்டினார். துப்பாக்கி சுடுகிறவர்களின் உலகத்தில் ஒருவர் வீட்டில் செய்த தோட்டாவை இன்னொருவர் சுடுவதில்லை. அவரவர் துப்பாக்கிக்கு அவரவர் அளவு. இவள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொடுக்க வேண்டியது என் கடமை, மறுக்க வேண்டியது உன் கடமை, இரண்டும் முடிந்தது என்று சொல்லி டப்பாவை மூடிக்கொண்டார்.

குறி பார்க்கச் சுடும் தோட்டா அவளிடம் இல்லை. ஆகவே முதல் இரண்டு மட்டும் ஓரமாகப் போயின. அதன் பிறகு அவள் சுட்டதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. இரண்டாவது சுற்று முடியும்போது அந்த வரிசையில் அவளுக்கு மேலே இரண்டே பேர்தான். பண்ணைக்காரர் மதிப்பெண் பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றுக்கு அழைத்தார்கள். எழுந்து வந்துவிடுவாள் என்று தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தேன். அவள் கையைத் தூக்கிப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டாள். காலி ரைஃபிளோடு நான் இந்தச் சுற்றுக்கும் படுத்திருக்கலாமா என்று கேட்டாள். அவர் ரைஃபிளைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். பிறகு கேப்டன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தலையை ஆட்டினார்.

இரண்டு பக்கமும் வெடிக்கிறது. நடுவில் இவள் படுத்திருக்கிறாள். மூச்சை இழுக்கிறாள், பாதி விடுகிறாள், நிறுத்துகிறாள், விசையை மெதுவாக அழுத்துகிறாள். டிக். கையை நீட்டிக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து, இல்லாத தோட்டாவை ஏற்றி, மறுபடி கன்னத்தை வைக்கிறாள். பண்ணைக்காரர் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு பூஜ்யம் எழுதினார், விதி அப்படி. பத்தாவது பூஜ்யத்துக்கு அப்புறம் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

ஆறு பெயர்களைப் படித்தபோது அவள் பெயர் அதில் இல்லை. எல்லோரையும் போல அவளும் கை தட்டினாள். ஆறாவதாகத் தேர்வான பெண்ணிடம் போய்க் கை குலுக்கிவிட்டு வந்தாள்.

கார் ஹைவேயில் ஏறியது. நான்தான் ஆரம்பித்தேன். "என்னாலதான்மா..."

"அது நேத்தே முடிஞ்சு போச்சுங்க" என்றாள். முழங்கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, கொஞ்ச தூரம் போன பின், தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள்.

"கடைசி இருபதுல பதினெட்டு நல்லாப் போயிருக்கும். எட்டாவதுலயும் பதினஞ்சாவதுலயும் விசையை வெடுக்குனு இழுத்துட்டேன். ஏன்னுதான் தெரியல."